மண்ணை வெளுத்தவர்

புதுச் சட்டையை அவர் உடனே போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. தீபாவளிச் சட்டையை ஆடி மாதமே வாங்கிவிடுவார். மூன்று முறை நனைத்து, மூன்று முறை காயவைத்த பிறகுதான் அது உடம்பில் ஏறும். கால்சட்டையை இரண்டு அங்குலம் நீளமாகத் தைக்கச் சொல்வார். தையற்காரர் அளவு நாடாவைத் தூக்கிக் காட்டிச் சண்டைக்கு வருவார்.

"இது கடைக்காரன் அளவுண்ணே. துணியோட சொந்த அளவு மூணாம் வெளுப்புலதான் தெரியும்" என்பார் இவர்.

'அவர்', 'இவர்' என்று இப்போது எழுதுகிறேன். ஒன்றாக வேலை பார்த்த காலத்தில் 'அவன்'தான். என்னைவிட ஒரு வயது இளையவர். என்னை 'அண்ணே' என்பார். நான் அவருக்குக் கொடுத்த ஒரே பதவி உயர்வு இந்த 'ர்'. அதையும் நான் ஓய்வு பெற்ற பிறகுதான் கொடுத்தேன்.

ஐம்பதுகளின் கடைசி. சாலை போடும் இலாகா ஒன்றின் மண் பரிசோதனைக் கூடத்தில் நான் உதவியாளன். கூடம் என்றால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. நான் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன். அஞ்சல் வழியில் இங்கிலாந்துச் சான்றிதழ் ஒன்றும் வாங்கிச் சட்டம் போட்டு, ஃபேரர் பார்க் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். சோதனை நடைமுறைப் புத்தகம் எனக்கு மனப்பாடம். எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அவர் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம் படித்தவர். சலவைத் தொழில் செய்யும் குடும்பம். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய அண்ணன் சலவைக் கடை வைத்திருந்தார். என் சட்டைகள் அங்கேதான் வெளுப்புக்குப் போகும். மண் தோண்டும் கூட்டத்தில் தினக்கூலியாகச் சேர்ந்த அவரை, கை சுத்தம் என்று வெள்ளைக்கார என்ஜினியர் ஒருவர் கூடத்துக்குள் கொண்டுவந்தார். வந்த நாளிலிருந்து எல்லாருக்கும் அவர் 'டோபி'.

"என்ன டோபி, மண்ணுக்குக் கஞ்சி போட்டுட்டியா?" என்று யாராவது கேட்பார்கள்.

"போட்டேண்ணே. உங்க சட்டைக்குப் போட்டு மிச்சம் இருந்துச்சு."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். கேலியை வாங்கிக்கொண்டு இப்படிக் காயமில்லாமல் திருப்பிக் கொடுக்க எனக்கு வராது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எங்கள் வேலை இதுதான். சாலை வரப்போகும் இடத்திலிருந்து மண் வரும். அதை இரும்பு உருளைக்குள் போட்டு, இத்தனை அடி என்று எண்ணி, சம்மட்டியால் இடித்து இறுக்க வேண்டும். நான்கு நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்க வேண்டும். பிறகு அதன் தலையில் ஓர் இரும்பு முளையை அழுத்தி, மண் எவ்வளவு எதிர்க்கிறது என்று டயலில் பார்க்க வேண்டும். அந்த எதிர்ப்பை நாங்கள் விறைப்பு என்போம். மண் விறைப்பாக இருந்தால் சாலைக்கு அடியில் கல் கொஞ்சம் போதும். தொளதொளத்தால் நிறையக் கல் வேண்டும். ஊறப்போடுவது ஒரே முறை. புத்தகம் அப்படித்தான் சொன்னது.

அவருக்கு ஒரு முறை என்பதில் நம்பிக்கை கிடையாது. எதிலும் கிடையாது. புதிதாகத் திறந்த கோப்பிக் கடை எப்படி என்று கேட்டால், "ஒருவாட்டிதானே குடிச்சிருக்கேன்" என்பார். புதிதாக வந்த மேஸ்திரி அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டியபோது நாங்கள் எல்லாரும் கொதித்தோம். "முதல் தண்ணியிலே சாயம் போகத்தான் செய்யும். பாப்போம் லா" என்று தேநீர் ஊற்றினார். மூன்றாவது மாதம் அந்த மேஸ்திரி தன் மகன் பிறந்தநாளுக்குக் கூடத்திலிருந்து அழைத்தது இவர் ஒருவரைத்தான். நான் கொதித்ததோடு சரி. எனக்கு அழைப்பு வரவில்லை.

அந்த வெள்ளைக்கார என்ஜினியர் என்னிடம் ஆங்கிலத்தில் பேசலாம். நல்ல ஆங்கிலம். ஆனால் காலையில் என் மேசையைத் தாண்டி நேரே பின் தாழ்வாரத்துக்குப் போவார். அங்கே இரண்டு பேரும் சந்தைக் கடை மலாயில் உடைந்து உடைந்து பேசுவார்கள்.

"அப்பா மாச்சாம்?" எப்படிப் போகிறது என்று அவர் கேட்பார்.

"பெலும், துவான்" என்பார் இவர். இன்னும் இல்லை ஐயா.

இந்த 'பெலும்' ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் மேலதிகாரியின் அன்பைச் சம்பாதிக்க முடியும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் கேட்பதற்கு முன்பே பதிலை நீட்டிப் பழகியவன்.

தாழ்வாரத்தில் இவர் செய்தது இதுதான். மேற்கே புதிதாகத் தொழிற்சாலைகள் வரப்போகும் இடத்தில் செம்மண் கொட்டி மேடாக்கிச் சாலை போடத் திட்டம். அந்த மண்ணில் ஒரே மாதிரி ஆறு உருளைகள் இடித்து வைத்தார். ஆறையும் ஊறவைத்தார். வெளியே எடுத்து, கூரை நிழலில், காற்று படும்படி வரிசையாக வைத்துக் காயவிட்டார்.

"அடுப்பு இருக்கே. அதில வெச்சா ஒரே நாள்ல காஞ்சிடுமே" என்றேன். உலர்த்தும் மின்னடுப்பு என் பொறுப்பில் இருந்தது.

"அடுப்புல வெச்சா மண்ணு செத்துடும்ணே. ரோட்டுல எவன் அடுப்பு மூட்டுறான்? அங்க மழை, வெயில், மழை, வெயில். அப்படித்தானே காயும்."

தினமும் எடை பார்ப்பார். தண்ணீர் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியதும் ஓர் உருளையை மட்டும் அழுத்திப் பார்த்து, பதிவேட்டில் தமிழில் எழுதுவார்: 'முதல் வெளுப்பு.' மற்றவை மறுபடி தொட்டிக்குப் போகும். மறுபடி நிழலில் காயும். அதே எடை வந்ததும் இன்னோர் உருளை: 'இரண்டாம் வெளுப்பு.' ஒரு வெளுப்புக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

நான் அந்தப் பதிவேட்டைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். அதே மண். அதே அளவு ஈரம். ஆனால் விறைப்பு ஒன்றல்ல. முதல் வெளுப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பெரிய இறக்கம். மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். நான்காவதில் சிறிது. ஐந்தாவதில் அநேகமாக நான்காவதே. ஆரம்பத்தில் இருந்ததில் ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சியது.

"ஒரே தண்ணி, ஒரே மண்ணு. எப்படி வேற வேற விறைப்பு வரும்? நீ எடை பாத்ததுல தப்பு" என்றேன்.

அவர் என் சட்டைக் கையைத் தொட்டுக் காட்டினார். "இது எங்கண்ணன் கஞ்சி போட்டது. இப்ப மழையில நனைஞ்சு திரும்பக் காஞ்சா, தண்ணி போயிடும். இந்த விறைப்பு திரும்ப வருமா? தண்ணி எவ்வளவு இருக்குன்னு மட்டும் கேட்டா எப்படிண்ணே? எத்தனை தடவை வந்துட்டுப் போச்சுன்னு கேக்கணும்ல?"

எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மேலும் சொன்னார். "அரைகுறை ஈரத்துல துணி ஒடம்போட ஒட்டும். வாளித் தண்ணியிலே போட்டா தனியா மிதக்கும். மண்ணும் அப்படித்தான். இருக்கிற கொஞ்ச ஈரம்தான் ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சிருக்கு. ஆனா நனைஞ்சு, காஞ்சு, வெடிச்சு, திரும்ப நனைஞ்சா பிடி தளர்ந்துடும். நாலஞ்சு தடவைக்கு அப்புறம் அடங்கிடும். அதுதான் மண்ணோட சொந்த அளவு."

எனக்குப் புரியாமல் இல்லை. உடனே புரிந்தது. அத்தனை வருஷம் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தவன் நான். அந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை?

வீட்டிலும் தப்பிக்க முடியவில்லை. என் மனைவி ஒருமுறை சலவைக் கடையில் அவரைப் பார்த்திருக்கிறாள். புதுச் சேலையை உடுத்துவதற்கு முன் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து எந்தச் சேலையை எடுத்தாலும், "உங்க ஆபீஸ்காரர் சொன்னது எவ்வளவு சரியாப் போச்சு பாத்தீங்களா, இம்மி சுருங்கலை" என்பாள். நான் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழை அவள் தூசி தட்டியதோடு சரி.

வெள்ளைக்காரர் விடுப்பில் ஊருக்குக் கப்பலேறும் வாரம் வந்தது. ஐந்து வெளுப்பும் முடிந்திருந்தன. புதுச் சாலைக்குக் கல் கனத்தைக் கூட்ட வேண்டும், இந்த ஆளை நிரந்தர உதவியாளராக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினார். அவருடைய கைப்பிரதியில் 'வெளுப்பு' என்ற சொல்லே ஆங்கில எழுத்தில் இருந்தது. அதற்கு அவர் அடிக்கோடு வேறு போட்டிருந்தார். சொல்லை எழுத்துக் கூட்டிக் கொடுத்தவன் நான்தான். பதிவேட்டை ஆங்கிலத்தில் மாற்றி, எல்லாவற்றையும் சுத்தப் பிரதியாகத் தட்டச்சு செய்து அனுப்பும்படி என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அரசாங்க அறிக்கையில் வேற்றுமொழிச் சொல் இருக்கக் கூடாது. அது விதி. ஆகவே 'வெளுப்பு' என்பதை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டு 'வாஷ்' என்று போட்டேன். முதல் வாஷ், இரண்டாம் வாஷ், ஐந்து முறை வாஷ் செய்த மண். எந்த அகராதியில் பார்த்தாலும் மொழிபெயர்ப்பு சரி.

மண் பரிசோதனை தெரிந்தவர்களுக்கு 'வாஷ்' என்றால் வேறு ஒன்று. மண்ணைச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசி, களிமண்ணையெல்லாம் ஓடவிட்டு, மணலை மட்டும் பிடித்துக்கொள்வது. அப்படிக் கழுவிய மண்ணில் விறைப்பு பார்ப்பது, கஞ்சியை வடித்துக் கொட்டிவிட்டு மிச்சச் சோற்றில் கஞ்சிப் பசையைத் தேடுவது மாதிரி. இதுவும் எனக்குத் தெரியும். இருபத்தெட்டாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி.

தட்டச்சு செய்தபோது என் விரல் எங்கும் தயங்கவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாத பிரதி அது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கழுவிய மண்ணில் செய்த சோதனை செல்லாது. நடைமுறைப்படி ஒருமுறை ஊறிய அளவையே கொள்க. அடிப்படை தெரியாத ஆளை நிரந்தரமாக்குவதற்கில்லை. அவரைத் திரும்பவும் மண் தோண்டும் கூட்டத்துக்கு அனுப்பினார்கள்.

"என்னண்ணே ஆச்சு?" என்று என் மேசைக்கு வந்தார்.

"மேல சரியில்லைன்னுட்டாங்க."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அப்ப நான்தான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன். இன்னொருவாட்டி பாக்கணும்" என்றார். "ஆறாவது உருளை அமுக்காம மிச்சம் இருக்குண்ணே. தூக்கிப் போட்டுடாதீங்க."

தூக்கிப் போடவில்லை. ஆனால் அவருக்காக வைத்துக்கொள்ளவும் இல்லை. அவர் போன பிறகு அந்த உருளையை நானே தொட்டியில் இறக்கினேன். நானே நிழலில் வைத்தேன். அஞ்சோடு அடங்கிவிடும் என்றாரே, அடங்காது, இன்னும் இறங்கிக்கொண்டே போகும், அவர் சொன்னதெல்லாம் வண்ணான் கணக்கு என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறு, ஏழு, எட்டு. மழைச் சாரல் அடித்தால் ஓடிப்போய்ச் சாக்கு மூடினேன். சனிக்கிழமை வேலை முடிந்தும் எடை பார்க்க நின்றேன். "டோபி போனாலும் டோபி வேலை போகலை" என்று யாரோ சொன்னார்கள். எனக்குத் திருப்பிச் சொல்ல வரவில்லை.

பன்னிரண்டாம் வெளுப்பில் அழுத்திப் பார்த்தேன். டயல் முள் அவருடைய ஐந்தாவது அளவுக்கு ஒரு மயிரிழை இப்பால் நின்றது.

அதை ஒரு நோட்டில் எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

சாலை போட்டார்கள். புத்தகம் சொன்ன கனத்துக்குக் கல் போட்டார்கள். முதல் வருஷம் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாவது மழைக்காலம் போய் வெயில் வந்ததும் ஓரங்கள் வெடித்தன. மறுபடி மழை வந்ததும் லாரிச் சக்கரம் போன இடமெல்லாம் வாய்க்கால். நடுச்சாலை நன்றாகவே இருந்தது. மழையும் வெயிலும் மாறி மாறி எட்டும் ஓரம்தான் போயிற்று. நனைந்து, காய்ந்து, வெடித்து, அவர் சொன்ன மாதிரி.

அதற்குள் வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள். புதிதாக வந்த என்ஜினியர் இளம் சீனர். பழைய கோப்பை எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்தார். என் மேசையைத் தேடி ஓர் என்ஜினியர் வந்தது அதுதான் முதல் தடவை.

"ஐந்து முறை யாராவது மண்ணைக் கழுவுவார்களா? இந்த எண்களைப் பார்த்தால் கழுவியது மாதிரி இல்லையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கழுவவில்லை சார். நனைத்து உலர்த்தப்பட்டது."

"பிறகு ஏன் இப்படி?"

"அப்படி எழுதப்பட்டிருக்கிறது சார்."

செயப்பாட்டு வினை அரசாங்க ஊழியனுக்கு ஆண்டவன் கொடுத்த குடை. அதன் கீழ் நின்றுகொண்டு இழுப்பறையைத் திறந்தேன். நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "பன்னிரண்டு முறையா? இது யார் செய்தது?"

"நான் சார்."

அதுவும் உண்மைதான். அன்று நான் சொன்ன எந்த வார்த்தையிலும் பொய் இல்லை.

அந்த வருஷக் கடைசியில் நான் தலைமை உதவியாளனானேன். சாலையைப் பெயர்த்துக் கனமாகக் கல் போட்டார்கள். எங்கள் கூடத்து நடைமுறையில் ஒரு வரி சேர்ந்தது: கொட்டி மேடாக்கிய மண்ணை ஐந்து சுற்று நனைத்து உலர்த்திய பிறகே சோதிக்க வேண்டும். அந்த வரியை எழுதியவன் நான். புது அறிக்கையில் அவர் பெயர் இல்லை. அதில் இல்லாத பெயரை இத்தனை வருஷம் கழித்து இங்கே மட்டும் எழுதினால் யாருக்கு என்ன?

மண் தோண்டும் வேலையையும் விட்டுவிட்டு அவர் அண்ணன் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மூட்டையோடு நானே போனேன். எப்போதும் என் மனைவிதான் போவாள். நான் போனதற்கு ஒரே காரணம், அவர் முகத்தில் ஒரு தடவையாவது பொறாமையைப் பார்க்க வேண்டும். அத்தனை வருஷமாக எனக்குள் இருந்ததில் ஒரு துளியாவது அவருக்கும் போய்ச் சேர வேண்டாமா?

கரிப்பெட்டியால் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "வாங்கண்ணே! என்ன, நீங்களே தூக்கிட்டு வந்துட்டீங்க?"

"நான் இப்ப தலைமை உதவியாளர். தெரியுமா?"

"அப்படியா! ரொம்ப சந்தோஷம்ணே. அக்கா சொல்லவே இல்லை பாருங்க."

"அந்த ஆறாவது உருளை இருந்ததே. அதை வெச்சுத்தான் கொடுத்தாங்க."

கரிப்பெட்டி நின்றது. நான் காத்திருந்த கணம் இதுதான் என்று நினைத்தேன்.

"வெளுத்துப் பாத்தீங்களா? எத்தனை?"

"பன்னிரண்டு."

"பன்னிரண்டா! நான் அஞ்சுக்கு மேல போகலையே. அப்புறம் என்னண்ணே ஆச்சு? இறங்குச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"இல்லை. உன்னோட அஞ்சாவதுலயே நின்னுடுச்சு."

"அடங்கிடுச்சு!" என்று கையைத் தட்டினார். உள்ளே திரும்பி, "இந்தா, கேட்டியா? அடங்கிடுச்சாம்! நான் சொல்லலை?" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தார். எது அடங்கியது என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் கணவரோடு சேர்ந்து சிரித்தார். அப்படி ஒரு முகத்தோடு நான் என் வாழ்நாளில் எந்த டயலையும் பார்த்ததில்லை. பதவி என்னிடம் இருந்தது. அது எந்த நாளில் எனக்கு அப்படி ஒரு சிரிப்பைக் கொடுத்தது என்று யோசித்துப் பார்த்தேன்.

தாங்க முடியாமல்தான் சொன்னேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. அந்தச் சிரிப்பை நிறுத்துவதற்காக.

"உன் அறிக்கையில 'வெளுப்பு'ங்கிற இடத்துல 'வாஷ்'னு போட்டது நான்தான். அதனாலதான் மேல தள்ளுபடி ஆச்சு."

அவர் கரிப்பெட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தார். சாம்பலை ஊதினார். மேசைமேல் விரித்திருந்தது போன வாரம் வெளுப்புக்குப் போன என் சட்டை. அதன் கழுத்துப் பட்டியில் தண்ணீர் தெளித்தார்.

"வெளுப்புன்னா வாஷ்தானே அண்ணே. சரியாத்தானே போட்டிருக்கீங்க" என்றார்.

பிறகு அழுத்தித் தேய்த்தார். ஆவி எழுந்தது. அதற்குப் பின்னால் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்ததா? கழுவிய மண் என்றால் என்ன என்று மண்ணிலேயே கிடந்த மனிதருக்குத் தெரியாமல் இருக்குமா? நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாரா, இல்லை, வழக்கம்போல் காயமில்லாமல் திருப்பிக் கொடுத்தாரா? அந்த ஒரு வாக்கியத்தை ஐந்து முறை அல்ல, ஐயாயிரம் முறை நனைத்து எடுத்து நிழலில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

அடங்கவில்லை.